ஸ்டான்ஃபில் வீட்டுக் காவல்

அந்த வருஷம் பிப்ரவரி முழுக்க வெயிலே இல்லை. மலைமேட்டில் மழை எப்போது தொடங்குகிறது, எப்போது விடுகிறது என்று சொல்ல முடியாதபடி நசநசவென்று தூறிக்கொண்டே கிடந்தது. கோழி ஷெட்டுகளுக்குப் போகும் செம்மண் பாதை கூழாகி, எடுத்து வைக்கிற காலைப் பூட்ஸோடு பிடித்து இழுத்தது. வைனெல் ஸ்டான்ஃபில் வாளியுடன் முதல் ஷெட்டுக்குள் நுழைந்ததும் எச்சக் காரம் கண்ணில் அறைந்தது. முகமூடியை மூக்கின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

குஞ்சுகள் வந்து மூன்றாவது வாரம். மஞ்சள் போய் வெள்ளை இறகு முளைத்து, கழுத்து மட்டும் மொட்டையாக, பார்க்கச் சகிக்காத பருவம். அவள் நடக்க நடக்க விலகி வழிவிட்டு, அவள் போனதும் பின்னால் மூடிக்கொண்டன. செத்ததைப் பொறுக்குவதுதான் காலை வேலை. காலைப் பிடித்துத் தூக்கும்போதே தெரிந்துவிடும். விறைத்திருந்தால் ராத்திரி போனது, துவண்டு தொங்கினால் இப்போதுதான்.

கம்பெனி குஞ்சு விடும், தீவனம் அனுப்பும், வளர்ந்ததும் லாரி கொண்டுவந்து பிடித்துப் போகும். நடுவில் சாவதும் நனைவதும் மூச்சு முட்டுவதும் வளர்க்கிறவர் பாடு. அலபாமாவின் இந்த வடக்கு மேட்டில் பாதி வீடுகளுக்கு அதுதான் பிழைப்பு. கல்யாணமான நாளிலிருந்து அது ஆர்வெலின் பாடாகத்தான் இருந்தது. போன ஆகஸ்டில் ஒரு மதியம் அவர் இரண்டாம் ஷெட்டின் விசிறிகளை எல்லாம் அணைத்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தார். ஏன் அணைத்தாய் என்று கேட்டதற்கு, "ஒரே இரைச்சலா இருந்துச்சு" என்றார். உள்ளே இருந்த கோழி அத்தனையும் வெக்கையில் வெந்து செத்தது. அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனார்கள். அந்தப் பெண் டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, இனி என்னென்ன மறக்கும் என்றும் சொன்னாள். வண்டியில் திரும்பும்போது ஆர்வெல், "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

இந்த நிலைமையில்தான் மகள் கெண்ட்ரா வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இவர்கள் வந்தபோது வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குப்பை போடும் கறுப்புப் பைகள் இரண்டில் துணிமணி. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வைனெல் பைகளைத் தூக்கி உள்ளே வைத்தாள். முன்பு இரண்டு தடவை இதே மாதிரி வந்து, இரண்டு தடவையும் புருஷன் ட்ராவிஸ் வந்து அழுது கூட்டிப் போயிருந்தான். இந்தத் தடவை கெண்ட்ரா வெள்ளிக்கிழமையே கோர்ட்டுக்குப் போய் அவன்மேல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த வாரத்திலேயே ட்ராவிஸின் வண்டி வீட்டு முன்னால் மெதுவாக ஊர்ந்து போனது. நிற்கவில்லை. திரும்பி வந்து மறுபடியும் ஊர்ந்து போனது.

கோர்ட் உத்தரவோடு வந்தவன் ப்ரூயிட். அந்த வட்டாரப் போலீஸான ஷெரீப் ஆபீஸில் டெபுடி. சின்ன வயதில் வைனெல் சர்ச்சில் நடத்திய ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பையன். இப்போது இடுப்பு பெல்ட் நாற்காலிக் கையில் இடிக்க, அடுப்படி மேஜையில் உட்கார்ந்து காபி குடித்தான். வைனெலின் தம்பி டாயலும் வந்திருந்தான். டாயலுக்கு ஊர் முக்கில் விவசாயச் சாமான் கடை. சனிக்கிழமைகளில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள வெளியில் பெண்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பான்.

"பக்கத்துல வரக் கூடாது, போன் பண்ணக் கூடாதுன்னு ஜட்ஜ் போட்டிருக்கார்மா," என்றான் ப்ரூயிட். "துப்பாக்கிங்கள ஒப்படைக்கணும்னும் இருக்கு."

"ஒப்படைச்சானா?" என்று கேட்டாள் கெண்ட்ரா.

"எல்லாத்தையும் சித்தப்பா மகன்கிட்டக் குடுத்துட்டேங்கறான்."

"எத்தனையக் குடுத்தான்?"

"ரெண்டுன்னான்."

கெண்ட்ரா சிரித்தாள். "ரெண்டு அவன் வண்டியிலயே கெடக்கும் ப்ரூயிட். வீட்டுல படுக்கைக்கு அடியில மட்டும் நாலு. நான் கூட்டிப் பெருக்குனவ, எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா உள்ள பூந்து தேடுறதுக்கு எனக்குக் காகிதம் வேணும். கேட்டிருக்கேன். வரும்."

"வர்றதுக்குள்ள அவன் வந்துருவான்," என்றான் டாயல். "நீ இங்க வர எவ்வளவு நேரமாகும், தம்பி? உண்மையச் சொல்லு."

ப்ரூயிட் கோப்பையைப் பார்த்தான். "முக்கா மணி ஆகும். ராத்திரி ஒரே ஒரு வண்டிதான் ஓடுது, இந்த மேடு முழுக்க. மழைன்னா இன்னும் கூட ஆகும்." எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். "நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க. எங்கம்மாவா இருந்தா, தலமாட்டுல ஒண்ணு வெச்சுக்கம்மான்னுதான் சொல்வேன்."

அவன் போனதும் டாயல் கை இரண்டையும் விரித்தான். "இதத்தான் நானும் சொல்றேன். காகிதத்த நீட்டுனா தோட்டா நின்னுருமா? கெண்ட்ரா, சனிக்கிழம வா. ஒரு கையிலயே சுடக் கத்துத் தரேன்."

அதுவரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்வெல் திரும்பினார். "யாரச் சுடப் போறீங்க?"

"யாரையும் இல்லப்பா," என்றாள் கெண்ட்ரா. "ட்ராவிஸ் வந்தா..."

"ட்ராவிஸா? நல்ல பையனாச்சே. கோழி பிடிக்கிறன்னைக்கு வந்து எவ்வளவு ஒத்தாச பண்ணான்." அவர் கண் மகளின் மாவுக்கட்டின்மேல் விழுந்தது. எழுந்து வந்து மெதுவாக அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார். காலையிலும் பார்த்திருந்தார். "யார்மா இப்படிப் பண்ணது?"

கெண்ட்ரா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். ஆர்வெல் கூடத்து மூலைக்குப் போனார். அங்கே ஆளுயர இரும்பு அலமாரி, எண் வைத்துத் திறக்கிற பூட்டு. சட்டைப் பித்தான் போடத் திணறுகிற அந்த விரல்கள் பூட்டை வலப்பக்கம் இடப்பக்கம் என்று திருப்பின. கதவு திறந்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து மடித்துப் பார்த்தார். ஒரு துணியை எண்ணெயில் நனைத்தார். டாயல் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான், பார்த்தியா என்பது போல.

*

அதற்கப்புறம் வந்த நாட்கள் வைனெலுக்குச் சந்தோஷமாகவே இருந்தன. பின்னால் அதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் இருந்தது உண்மை.

ஆர்வெல் காலையில் தானாக எழுந்தார். சவரம் செய்துகொண்டார். வாசல் பலகை நாற்காலியில் இரட்டைக்குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போகிற வருகிற வண்டியைப் பார்த்தார். யாருக்காகக் காவல் என்பது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மறந்துவிடும். காவல் என்பது மறக்கவில்லை. வைனெல் காபி கொண்டு போனால், "உள்ள போ, ஜன்னல் பக்கம் நிக்காத" என்று அதட்டுவார். ஒரு வருஷமாக அவர் அவளை அதட்டியதே இல்லை. எதைக் கேட்டாலும் சரி, சரி என்று சிரித்துக்கொண்டிருந்த மனுஷர்.

"அப்பாவப் பாரேன், பழையபடி ஆயிட்டார்," என்றாள் கெண்ட்ரா. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஒரு கையால் பாத்திரம் தூக்க முடியாதென்று அவளைப் பரிமாறப் போட்டிருந்தார்கள். மேல்கோட்டுக்குள் டாயல் கொடுத்த சின்னத் துப்பாக்கியோடு போய், அதை வண்டியிலேயே பூட்டிவிட்டு வேலைக்கு நுழைவாள். சனிக்கிழமை சுட்டுப் பழகிவிட்டு வந்தவள் சோள ரொட்டியும் பீன்ஸும் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். வந்ததிலிருந்து அவள் பசித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

வைனெல் ஆர்வெலிடமிருந்து தோட்டாக்களை மட்டுமாவது எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். யோசித்ததோடு சரி. காலி என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த முகம் எப்படி ஆகும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை. கெண்ட்ரா விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டாள். வைனெல் ரொட்டியை அடுப்புக்குள் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். அன்று நிறைய செத்திருந்தன, குளிர். பொறுக்கி முடித்து, கோட்டின் தொப்பியோடும் முகமூடியோடும் பின்கதவைத் திறந்து அடுப்படிக்குள் காலை வைத்தாள்.

"அங்கேயே நில்லு."

ஆர்வெல் அடுப்போரமாக நின்றார். நீள உள்ளாடை, தலையில் தீவனக் கம்பெனித் தொப்பி. கையில் அலமாரியிலிருந்து எடுத்த ரிவால்வர்.

"நாந்தான்," என்றாள். முகமூடிக்குள் குரல் அமுங்கியது.

"நாந்தான்னா யாரு?"

முகமூடியை இழுத்துக் கழற்றினாள், தொப்பியைத் தள்ளினாள். நரைத்த முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. ஆர்வெல் அவள் முகத்தைப் பார்த்தார். பேங்கில் வரிசையில் முன்னால் நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை.

"வைனெல்தான், ஆர்வெல்."

"வைனெல் ஷெட்டுக்குப் போயிருக்கா. அவ வயசென்ன, உன் வயசென்ன? யார்கிட்டக் கத விடுற, கெழவி?"

அவர் கட்டைவிரல் ரிவால்வரின் கொக்கியைப் பின்னால் இழுத்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இனி விரல் லேசாகப் பட்டாலே போதும். ஸ்பூனைப் பிடித்தால் நடுங்குகிற கை, இப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை.

"உக்காரு. கீழ உக்காரு. வைனெல் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. அவ வந்து சொல்லட்டும் உன்ன என்ன செய்யறதுன்னு."

வைனெல் தரையில் உட்கார்ந்தாள். பூட்ஸிலிருந்து சேறும் இறகும் தரையில் அப்பிக்கொண்டன. அடுப்பிலிருந்து வாடை வர ஆரம்பித்தது.

"ரொட்டி தீயுது," என்றாள்.

"தீயட்டும். வைனெல் பாத்துக்குவா."

சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை. துப்பாக்கியையும் பார்க்கவில்லை. அவர் பாதங்களையே பார்த்தாள். சாக்ஸ் இல்லாத வெள்ளைப் பாதங்கள். குளிருமே என்று தோன்றியது.

"எப்படி இருப்பா அவ?" என்று கேட்டாள்.

"எவ?"

"உன் பொண்டாட்டி."

"உனக்கெதுக்கு அது?" தொப்பியைப் பின்னால் தள்ளினார். "கருகருன்னு முடி. கோவக்காரி. பாட வராது, ஆனா வாய மூட மாட்டா, பாடிக்கிட்டே இருப்பா. கோழியெல்லாம் அவ சத்தம் கேட்டு ஒதுங்கும்." அவர் முகம் இளகியது. உடனே மறுபடி இறுகியது. "அவளுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, உன்ன உயிரோட விட மாட்டேன். கேட்டுக்க."

வைனெலுக்கு அழுகை வந்தது. அது பயத்தால் வந்ததில்லை.

"நான் போய் அவளக் கூட்டிட்டு வரேன்," என்றாள். "ஷெட்டுலதான இருக்கா?"

அவர் யோசித்தார். "ஓடிற மாட்டியே?"

"மாட்டேன்."

"கையத் தூக்கிக்கிட்டுப் போ."

எழுந்து, கைகளைத் தூக்கி, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கதவுக்கு நான்கைந்து எட்டுதான். தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. வெளியே வந்து, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்க் கோட்டையும் பூட்ஸையும் கழற்றிப் போட்டாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். வெறுங்காலோடு சேற்றில் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். கதவைத் திறக்கும்போது தொண்டையைத் திறந்து, சுருதியே இல்லாமல், சர்ச் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே நுழைந்தாள்.

"என்ன தீயற வாட, ஆர்வெல்?"

"வந்துட்டியா?" ரிவால்வர் மேஜைமேல் கிடந்தது. "எவளோ ஒரு கெழவி உள்ள வந்துட்டா. வெரட்டி விட்டேன். பின்கதவப் பூட்டு பூட்டுன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?"

"தப்புதான்," என்றாள். ரிவால்வரை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் கொக்கியை இறக்கினாள். தோட்டாக்களைக் கழற்றி ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். கருகினதைச் சுரண்டித் தள்ளிவிட்டு இருவரும் சாப்பிட்டார்கள்.

*

அன்று சாயங்காலம் ஆர்வெல் டிவி முன்னால் தூங்கிப்போனதும், வைனெல் மகளிடமும் தம்பியிடமும் சொன்னாள். டாயல் முதலில் சிரித்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அலமாரி நம்பர மாத்திருவோம். பூட்டி வெச்சா முடிஞ்சுது."

"பூட்டுனத வெச்சு ட்ராவிஸ என்ன பண்றது?" என்றாள் வைனெல். "கொஞ்சம் நில்லுப்பா, நம்பரத் திருப்பிட்டு வரேன்னு சொல்லவா?"

"அப்ப கெண்ட்ரா இடுப்புலயே வெச்சுக்கட்டும்."

"குளிக்கறப்ப? தூங்குறப்ப? டாயல், அந்தக் கை அதத் தேடிக்கிட்டே இருக்கு. கண்ணாடிய மறந்துட்டாரு, பல்லு செட்ட மறந்துட்டாரு. அத மட்டும் மறக்கல. வீட்டுல ஒண்ணு இருந்தாலும் கண்டுபிடிச்சுருவாரு."

"நீ சொல்றது புரியுது அக்கா. ஆனா ஒருத்தனுக்குக் கண்ணு தெரியலங்கறதுக்காக வீட்டுல இருக்குறவங்க எல்லாரும் வெளக்க அணைச்சுட்டு உக்காரணுமா? வெறி புடிச்ச ஒருத்தன் ரோட்டுல சுத்திக்கிட்டிருக்கான். இந்த நேரத்துல போய்..."

"இந்த நேரத்துலதான் அவரும் இப்படி ஆயிட்டாரு. நான் என்ன நேரம் பாத்தா வெச்சேன்?"

கெண்ட்ரா அதுவரை மாவுக்கட்டின் ஓரத்துப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எல்லாத்தையும் வெளிய அனுப்பப் போற."

"ஆமா."

"அப்பா கையால நீ சாகக் கூடாது. சரி. ட்ராவிஸ் கையால நான் செத்தா?"

"அப்படிச் சொல்லாதடி."

"வேற எப்படிச் சொல்றது? அவன் என் கைய முறிக்கறப்ப என்ன சொல்லிக்கிட்டே முறிச்சான் தெரியுமா? அடுத்தது கழுத்துன்னான். ராத்திரி கண்ண மூடுனா அதான் கேக்குது. டாயல் மாமா குடுத்தத தலகாணிக்கடியில வெச்சதுக்கப்புறம்தான் தூங்குறேன். இந்தப் பாழாப்போன வீட்டுல எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்." குரல் உடைந்தது. "அப்பாவ எங்கியாவது ஒரு எடத்துல விடலாம்லம்மா. நல்லாப் பாத்துக்கற எடமெல்லாம் இருக்கு."

வைனெல் மகளைப் பார்த்தாள். "துப்பாக்கிய வீட்டுல வெச்சுக்கிட்டு, அப்பாவ வெளிய அனுப்பணுங்கற."

கூடத்தில் ஆர்வெலின் குறட்டை கேட்டது. மழைத்தண்ணீர் கூரைக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் மாமா வீட்டுக்குப் போறேன்," என்றாள் கெண்ட்ரா.

மறுநாள் டாயல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆர்வெலை ஷெட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுத்தாள் வைனெல். அந்த நேரத்தில் டாயலும் கெண்ட்ராவும் அலமாரியைக் காலி பண்ணி, போர்வைகளில் சுற்றி ஏற்றினார்கள். மேலே அந்தக் கறுப்புப் பைகள் இரண்டும் போயின. வண்டி கிளம்பியபோது கெண்ட்ரா தாயின் பக்கம் திரும்பவில்லை.

*

ஆர்வெல் காலி அலமாரியைத் திறந்து பார்த்து ஷெரீப் ஆபீஸுக்கு போன் பண்ணினார். ப்ரூயிட்தான் வந்தான். தொப்பியைக் கழற்றி, எதிரே உட்கார்ந்து, சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா, சார்?"

ஆர்வெல் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கெழவி இங்கயே நடமாடுறா. நல்லாத்தான் சமைக்கிறா. ஆனா நம்ப முடியாது."

அப்புறம் அவர் வாசலுக்குப் போவதை விட்டுவிட்டார். சவரமும் நின்றது. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். எதையோ யாரோ கொடுக்கப் போவது போல. வைனெல் அந்தக் கைகளைப் பார்க்காமல் அறைக்குள் போகப் பழகிக்கொண்டாள். மகளுக்குத் தினமும் போன் பண்ணுவாள். கெண்ட்ரா, "இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைப்பாள்.

மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலையில் ட்ராவிஸின் வண்டி வாசலில் வந்து நின்றது. வைனெல் கதவுக்கு ஓடுமுன் ஆர்வெல் அதைத் திறந்துவிட்டார்.

"டேய் ட்ராவிஸ்! வாடா, வா. எங்கடா போனே இத்தன நாளா?"

ட்ராவிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். இளைத்துப் போயிருந்தான். சுத்தமாகச் சவரம் செய்து, கான்வாஸ் ஜாக்கெட்டைக் கழுத்து வரை பித்தானிட்டிருந்தான். வலப் பக்கம் புடைத்திருந்தது. "குட் மார்னிங், மிஸ் வைனெல்," என்றான், அந்தப் பக்கத்து மரியாதைப்படி.

"உனக்கு இங்க வரக் கூடாதுன்னு இருக்கு, ட்ராவிஸ்."

"தெரியும்."

"சாப்பிடாம போகக் கூடாதுன்னும் இருக்கு," என்று சொல்லிச் சிரித்தார் ஆர்வெல். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவன் உட்கார்ந்தான். வைனெல் ரொட்டியும் குழம்பும் வைத்தாள். அவன் குனிந்து வேகமாகச் சாப்பிட்டான். சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாளோ.

"கெண்ட்ரா எங்க?"

"இங்க இல்ல."

"அது தெரியுது. எங்கன்னு கேட்டேன். பேசறதுக்குத்தான் மிஸ் வைனெல். சத்தியமா. ஒரே ஒரு தடவ ஒக்காந்து பேசணும். வக்கீலு, போலீசுன்னு எல்லாரும் நடுவுல வந்துட்டாங்க. நான் என்ன மிருகமா?"

"அவ பேச விரும்பல."

"அத அவ சொல்லட்டும்."

"டாயல் வீட்டுலதான இருக்கா," என்றார் ஆர்வெல். எது தங்கும், எது நழுவும் என்று யாருக்கும் தெரியாத அந்த மண்டைக்குள் அது மட்டும் எப்படியோ தங்கியிருந்தது. "போய்க் கூட்டிட்டு வா. அவ இல்லாம வீடு நல்லால்ல."

ட்ராவிஸ் எழுந்து தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான். வைனெல் கதவை மறித்து நின்றாள்.

"உக்காரு ட்ராவிஸ். இன்னொண்ணு சாப்பிடு. காபி போடறேன்."

"வழி விடுங்க."

"உன் அம்மாவ நெனச்சுப் பாரு."

அவன் அவளுடைய இரண்டு புஜத்தையும் பிடித்து, பெட்டியை நகர்த்துவது போல அலுங்காமல் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தான். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு படியிறங்கினான். அந்த ஒரு நிமிஷம் வைனெலின் கை ரிவால்வரைத் தேடியது. இருந்திருந்தால் சுட்டிருப்பாள், முதுகில், யோசிக்காமல். கடைசி வரைக்கும் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாயல் வீட்டுக்கு போன் பண்ணினாள். நெடுநேரம் அடித்தது. கெண்ட்ராதான் எடுத்தாள். அன்று பள்ளிக்கூடம் லீவு. டாயல் கடைக்குப் போயிருந்தான்.

"வர்றான். பின்னால காட்டுக்குள்ள ஓடுடி. ஓடி ஒளிஞ்சுக்க."

"ப்ரூயிட்டக் கூப்பிடும்மா," என்றாள் கெண்ட்ரா. "நான் இனி ஓட மாட்டேன்."

ப்ரூயிட்டைக் கூப்பிட்டாள். ஆர்வெலைத் தனியே விட முடியாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். மூடுபனியில் பாதை தெரியவில்லை. பக்கத்தில் ஆர்வெல், "எங்க போறோம்? சர்ச்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

டாயல் வீட்டு முன்னால் ட்ராவிஸின் வண்டி கதவு திறந்தபடி நின்றது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாசலில் மல்லாந்து கிடந்தான், கால் இரண்டும் படிமேல், தலை மண்ணில். வீட்டுக் கதவு பிளந்து ஒரு கீலில் தொங்கியது. கெண்ட்ரா உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைப் பிடித்த கை பாவாடை மடிப்பில் கிடந்தது.

"மொதல்ல தட்டுனாம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் ஒதச்சான். ஒதச்சான், ஒதச்சான், கதவு பிஞ்சு வந்துச்சு."

"கையில வெச்சிருந்தானா?"

"தெரியல. பாக்கல. இருந்திருக்கும்ல? வெச்சிருந்திருப்பான்ல?"

வைனெல் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியிலிருந்து பிரித்தாள். வெளியே தூறல் மறுபடியும் ஆரம்பித்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஆர்வெல் வண்டியிலிருந்து இறங்கி, மண்ணில் முட்டிபோட்டு, தன் தொப்பியைக் கழற்றி ட்ராவிஸின் முகத்தின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"பையன் நனையறான்," என்றார்.

*

வழக்கு எதுவும் வரவில்லை. கோர்ட் உத்தரவு இருந்தது, உடைந்த கதவு இருந்தது, முறிந்த கை இருந்தது. அவனிடம் துப்பாக்கியும் இருந்தது. ஜாக்கெட்டின் உள்பையில், பித்தான் போட்டபடி. ப்ரூயிட் அதை வைனெலிடம் மட்டும் சொன்னான். சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

சர்ச்சிலிருந்து மூடிய பாத்திரங்களில் சாப்பாடு வந்தது. கொண்டுவந்தவர்கள் கெண்ட்ராவின் தோளைத் தட்டி, "நல்லா செஞ்சே பொண்ணே" என்றார்கள். டாயலின் வகுப்பில் கூட்டம் இடம் கொள்ளவில்லை. அவன் ஒருநாள் வந்து, ஒரு சனிக்கிழமை வந்து இரண்டு வார்த்தை பேசுவாயா, மற்ற பெண்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று கெண்ட்ராவிடம் கேட்டான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் தன் வாசல் பலகைகளில் இருந்த ரத்தத்தைத் தானே குழாய் வைத்துக் கழுவியவன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், அப்புறம் கேட்கவில்லை. ட்ராவிஸின் அம்மா சர்ச் மாறிப் போய்விட்டாள். துப்பாக்கிகளை வெளியே அனுப்பியிராவிட்டால் கெண்ட்ரா அங்கே போயிருக்க மாட்டாள் என்று சிலர் வைனெலைக் குறை சொன்னார்கள். அனுப்பியதால்தான் ஸ்டான்ஃபில் வீட்டுக்குள் சாவு விழவில்லை என்றார்கள் வேறு சிலர். எது சரி என்று வைனெலுக்கே தெரியவில்லை.

கெண்ட்ரா வீட்டுக்குத் திரும்பினாள், துப்பாக்கி இல்லாமல். பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு ஷெட்டில் இறங்கினாள்.

வந்த மறுநாள் காலையே ஆர்வெல் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "உன் புருஷன் எங்கம்மா? ஆளையே காணோம்."

"செத்துட்டான்ப்பா."

கோப்பை மேஜையில் இடித்துச் சிந்தியது. "ஐயோ. எப்படி?"

"நான் சுட்டேன். கதவ ஒடச்சுட்டு வந்தான். சுட்டுட்டேன்."

ஆர்வெலின் முகம் கோணிக்கொண்டது. சின்னப் பையனைப் போல வாய்விட்டு அழுதார். பிறகு கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினார். "உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா? அடி கிடி படலையே?"

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும்.

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிரேன்டி," என்றாள் வைனெல், ஷெட்டில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டே. "அவரப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்தற? தினமும் புதுசாக் கேட்டு அழறாரு."

"எல்லாரும் தோளத் தட்டறாங்க. இல்லாட்டி ரோட்டத் தாண்டிப் போயிடறாங்க," என்றாள் கெண்ட்ரா. "அவர் ஒருத்தர்தாம்மா அழறாரு."

வைனெல் அடுத்த குழாய்க்கு நகர்ந்தாள்.

அந்தக் குஞ்சுகள் போயின, அடுத்தவை வந்தன. மேட்டில் வெயில் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு காலையும் கெண்ட்ரா அப்பாவுக்கு எதிரே உட்காருவாள். அவர் கேட்பார், அவள் சொல்வாள், அவர் அழுவார், கன்னத்தைத் தடவுவார். அப்புறம் அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வாளியை எடுப்பாள்.

மே மாதத்தில் ஒருநாள் அவர் கேட்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெண்ட்ரா காத்திருந்தாள். அவள் காபி ஆறிப் போனது.

"அப்பா," என்றாள். "ட்ராவிஸ்..."

"யாரும்மா?"

"ட்ராவிஸ்ப்பா."

அவர் மரியாதையாக யோசித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "தெரியலையேம்மா. இந்தப் பக்கத்து ஆளா?"

அடுப்படி வாசலில் வைனெல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள். "வாடி, ஷெட்டுக்கு நேரமாச்சு," என்றாள். கெண்ட்ரா எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேஜைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு புருஷன் இருந்தான்ப்பா," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அப்படியா?" என்றார் ஆர்வெல். யார் வீட்டுக் கதையோ கேட்கிறவரைப் போல, முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.